உழவாரப் படையும் மணல் வீச்சும்

தொண்டை நாட்டுக் குன்றத்தூரில் தோன்றிய சேக்கிழார் பெருமான், திருநாவுக்கரசு சுவாமிகளை நம் கண்முன் கொணர்ந்து நிறுத்தும்போது அவர் திருக்கரத்தில் ஒரு படையையும் உடன் காட்டுகின்றார். அது வில்லும் அன்று, வாளும் அன்று. திருமுற்றத்தில் முளைத்த புல்லைச் செதுக்கும் உழவாரம். அப்பரடிகளின் தமக்கையார் திலகவதியார் திருவதிகை வீரட்டானத்தில் விடியற்போதில் அலகிட்டும் மெழுக்கிட்டும் தொண்டு புரிந்ததையும் அப்புலவர் பெருமான் மறவாது பாடியுள்ளார். திருக்கோயிலைத் தூய்மை செய்தலே ஒரு வழிபாடு என்பது நம் முன்னோர் கண்ட துணிபு.

இத்தகைய மலர்களில் தலபுராணமும் பதிக விளக்கமும் எழுதத் தக்க பெரியோர் பலர் உளர். அடியேன் எடுத்துக்கொண்ட பொருள் சற்றே வேறானது. நீரையும் மணலையும் காற்றையும் ஒன்றாகக் கூட்டி வீசி, பொருள்களின் மேற்பரப்பைத் துலக்கும் பொறி ஒன்றின் வரலாறே அது. பட்டறைக்குரிய பொறியின் கதைக்கும் கும்பாபிஷேக மலருக்கும் யாது தொடர்பு என்று அன்பர்கள் வினவலாம். திருப்பணி தொடங்குவதற்கென நம் குழு கூடிய நாளில், எல்லாவற்றிற்கும் முன்னதாக எழுந்த வாதம் இப்பொறியைப் பற்றியதே. முப்பது ஆண்டுகள் வார்ப்படச்சாலைகளில் உழைத்தவன் என்னும் முறையில் அதன் இயல்பை ஓரளவு அறிவேன்; ஆதலின் எழுதத் துணிந்தேன்.

சென்னையின் மேற்கே அமைந்த இவ்வட்டாரம் இருவகைப் பெருமையும் ஒருங்கே உடையது. பாடியில் உள்ள திருவலிதாயமும் திருவேற்காடும் ஞானசம்பந்தப் பெருமானின் பாடல் பெற்றவை. திருமுல்லைவாயிலைச் சுந்தரமூர்த்தி சுவாமிகள் பாடினார். பூவிருந்தவல்லி திருக்கச்சி நம்பிகள் பிறந்த ஊர். வேற்காடு மூர்க்க நாயனார் பிறந்த ஊர். சற்று மேற்கே சென்றால் திருநின்றவூர். பொருளின்மையால் மனத்தின் உள்ளேயே கல் தேடி, அடிநிலை பாரித்து, விமானம் எழுப்பி, குடமுழுக்கு நாளும் குறித்த பூசலார் வாழ்ந்த பதி. அவர் எழுப்பிய கோயிலில் எண்ணெய்ப் பிசுக்கும் இல்லை, விளக்குப் புகையும் இல்லை. நாம் எழுப்பும் கோயில்களுக்கே அவை உண்டு.

இப்பதிகளின் நடுவே, நாடு விடுதலை பெற்ற பின்னர் இரும்பின் ஓசை எழுந்தது. 1949ஆம் ஆண்டில் அம்பத்தூரில் மிதிவண்டித் தொழிற்சாலை தோன்றியது. 1955ஆம் ஆண்டு சனவரித் திங்களில் ஆவடியில் கூடிய காங்கிரசு மாநாடு சமதர்மப் பாங்கான சமுதாயம் என்னும் தீர்மானத்தை நிறைவேற்றிற்று. 1961இல் அதே ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை நிறுவப்பெற்று, 1965இல் விசயந்தா என்னும் பீரங்கி வண்டி அங்கிருந்து வெளிவந்தது. பாடியில் வண்டிச் சக்கரம் செய்யும் ஆலையும் மின்கருவி செய்யும் ஆலையும் 1960, 1961ஆம் ஆண்டுகளில் எழுந்தன. காமராசர் முதலமைச்சராகவும் ஆர். வேங்கடராமன் தொழிலமைச்சராகவும் இருந்த காலத்தில் வகுத்த திட்டங்களின் பயனாய் 1964இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை அமைந்தது. பெரிய ஆலைகளுக்கு உறுப்புகள் செய்து தரும் சிறு பட்டறைகள் அதன் தெருக்கள்தோறும் நிறைந்தன.

வார்ப்படத்திலிருந்து வெளிவரும் இரும்பை அன்பர்கள் கண்டிருக்கமாட்டார்கள். அச்சு மணல் எரிந்து அதன் மேனியில் அப்பியிருக்கும், கருஞ்செதில் படிந்திருக்கும். அதனைத் துலக்காமல் வண்ணம் பூசினால் நில்லாது. முலாம் இட்டால் உரிந்து விழும். கம்பித் தூரிகை கொண்டு ஒருவன் நாள் முழுதும் தேய்த்தாலும் மூலை முடுக்குகளில் அழுக்கு எஞ்சும். அந்நிலையில்தான் மணல்வீச்சு கைகொடுத்தது. கம்ப்ரஸர் என வழங்கும் பொறி காற்றை அமுக்கித் தர, அக்காற்று மணலை வாரிக்கொண்டு குழாயின் குறுகிய வாய் வழியே பாய, மணலின் ஒவ்வொரு துகளும் ஒரு சிற்றுளியாய் மாறி இரும்பைத் தாக்குகின்றது. ஒரு நாள் வேலை சில நிமிடங்களில் முடிகின்றது.

இதனைக் கண்டறிந்தவர் அமெரிக்க நாட்டுப் பிலடெல்பியா நகரத்தவரான பெஞ்சமின் சூ தில்மன் என்பவர். அந்நாட்டு உள்நாட்டுப் போரில் படைத்தலைவராய்ப் பணியாற்றியவர். 1870ஆம் ஆண்டு அக்டோபர் 18ஆம் நாள் அவருக்குக் காப்புரிமை வழங்கப்பெற்றது. அவ்வுரிமைப் பத்திரத்தின் தலைப்பை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும். கல், உலோகம், கண்ணாடி முதலியவற்றை வெட்டுதற்கும் அவற்றில் பொறித்தற்கும் உரிய முறை என்றே அவர் அதனைப் பதிவு செய்தார். நீராவி, காற்று, நீர் ஆகிய எதனாலும் மணலை உந்தலாம் என்றும் அதில் குறித்துள்ளார். ஆகவே நீரோடு மணலைச் செலுத்தும் எண்ணம் இன்று நேற்றுத் தோன்றியதன்று. அப்பொறி பிறந்த அன்றே உடன் பிறந்தது. அவ்வாறே, அது கல்லை வெட்டும் கருவியாகவே பிறந்தது என்பதும் மறக்கத் தக்கதன்று. துலக்கும் வேலை அதற்குப் பின்னர் வாய்த்தது.

இதற்குச் சான்றாக ஒரு செய்தி உண்டு. மேற்கூறிய போரில் மாண்ட வீரர்களுக்குச் சலவைக்கல் நாட்ட அமெரிக்க அரசு முற்பட்டபோது, இலட்சக்கணக்கான கற்களில் பெயரும் எண்ணும் பொறிக்க வேண்டியிருந்தது. உளியால் வெட்டினால் எத்தனை ஆண்டுகள் ஆகும்! வெர்மான்ட் மாநிலத்தில் 1870களில் இம்மணல்வீச்சையே அப்பணிக்குக் கையாண்டனர். இரும்பில் வார்த்த எழுத்துகளைக் கல்லின்மேல் ஒட்டி மணலைப் பாய்ச்சினால், எழுத்து மூடிய இடம் நிற்க, சூழ்ந்த இடம் குழிந்து போகும். ஒரு கல்லுக்குச் சில நிமிடங்களே சென்றன. கல்லில் எழுத்து எழுதப் பிறந்த அப்பொறி, ஒரு நூற்றாண்டு கழிந்தபின் நம் நாட்டில் என்ன செய்தது என்பதைப் பின்னர்க் கூறுவேன்.

முதலில் அது மனிதர்க்குச் செய்ததைக் கூறவேண்டும்.

ஆற்று மணலின் பெரும்பகுதி படிகக்கல்லின் துகள். அது வேகமாய்ச் சென்று இரும்பில் மோதி உடையும்போது கண்ணுக்குப் புலனாகாத நுண்பொடியாய்க் காற்றில் மிதக்கின்றது. கண்ணுக்குத் தெரியும் புழுதி மூக்கிலும் தொண்டையிலும் தங்கித் தும்மலோடு வெளியேறும். தெரியாத பொடியே நுரையீரலின் கடைக்கோடி அறைகள் வரை சென்று அங்கே உறைகின்றது. உறைந்த இடத்தில் நுரையீரல் தழும்பேறிச் சுருங்குகின்றது. சிலிக்கோசிஸ் என்று மருத்துவர் கூறும் அந்நோய்க்கு மீட்சி இல்லை. பிரித்தானிய நாட்டில் 1949ஆம் ஆண்டு இயற்றிய விதிகளால் வார்ப்புகளைத் துலக்க மணலைப் பயன்படுத்துவதையே தடுத்துவிட்டனர். நம் நாட்டின் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமும் இந்நோயை அறிவிக்கத் தக்க நோய்களின் அட்டவணையில் சேர்த்தது. சட்டம் ஏட்டில் இருந்தது. அடியேன் இளமையில் வேலை பார்த்த ஒரு பட்டறையில், ஈரத் துண்டை முகத்தில் சுற்றிக்கொண்டு மணல் பிடித்த நண்பர் ஒருவர் இருந்தார். நாற்பது வயது நிரம்புமுன் நான்கு படி ஏற இயலாதவர் ஆனார். திருவேற்காட்டுக் கருமாரியம்மன் சந்நிதிக்கு அவரைத் தோளணைத்து அழைத்துச் சென்றது நினைவிருக்கின்றது. அடுத்த ஆண்டு அவர் இல்லை.

மணலோடு நீரைக் கூட்டும் முறை இத்துன்பத்திற்கு ஒரு மாற்றாகப் பட்டறைகளில் பரவியது. அதன் அமைப்பு எளிது. நாற்புறமும் அடைத்த இரும்புப் பெட்டி. முன்புறம் கண்ணாடிச் சாளரம். கைகளை நுழைக்க இரண்டு நீண்ட ரப்பர் கையுறைகள். பெட்டியின் அடியில் கூம்பு வடிவான தொட்டி. அதில் நீரும் துகளும் குழம்பாய் நிற்கும். பத்துப் பங்கு நீருக்கு ஒன்றிரண்டு பங்கு துகள் என்பது பெரும்பான்மை வழக்கு. பம்பு ஒன்று அக்குழம்பைச் சுழற்றிக் கலக்கிக்கொண்டே மேலே செலுத்த, நாஸிலின் வாயில் அமுக்கிய காற்று வந்து கூடி விரைவூட்டுகின்றது. தாக்கிய குழம்பு மீண்டும் தொட்டியிலேயே விழுந்து சுற்றி வரும். பொடி எழுந்தால் நீர் அதனைப் பிடித்துக்கொள்ளும். துகளும் இப்போது ஆற்று மணல் அன்று. அலுமினிய ஆக்சைடோ, நுண்ணிய கண்ணாடி மணியோ இடுகின்றனர்.

1940களில் வானூர்தி எந்திர உறுப்புகளைத் துலக்கும் தேவை மிகுந்தபோது இம்முறை அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் வளர்ந்தது. உலர்ந்த வீச்சில் காணாத நயம் ஒன்று இதில் உண்டு. துகளுக்கும் உலோகத்திற்கும் இடையே நீர் ஒரு மெல்லிய மெத்தைபோல் விரிந்து நிற்பதால் அடியின் கடுமை தணிகின்றது. துகள் உலோகத்தில் குத்தி நிற்பதில்லை. மாவினும் மெல்லிய துகளையும் நீரோடு செலுத்த இயலும். வெளிவரும் உறுப்பு பட்டுத்துணி போன்ற ஒளி பெறும். இரும்பாயின் ஈரத்தால் உடனே துருவேறும் என்னும் ஒரு குறை மட்டும் உண்டு. அதற்கென மருந்தொன்றை நீரில் கலப்பர். இரும்புக்கும் பித்தளைக்கும் அலுமினியத்திற்கும் இதனினும் செவ்விய துப்புரவு முறையை அடியேன் கண்டதில்லை. இதனை இங்கே அழுத்திச் சொல்லுவதற்குக் காரணம், பின்னர்க் கூறப்போவதைக் கொண்டு இப்பொறியின்மேல் யாரும் வெறுப்புக் கொள்ளலாகாது என்பதே.

இனித் திருக்கோயிலுக்கு வருவோம்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை குடமுழுக்கு நிகழ்த்துதல் மரபு. பாலாலயம் செய்து, சீர்ணோத்தாரணம் தொடங்கி, மூர்த்திகளுக்கு அட்டபந்தனம் சாத்தி, கலச நீராட்டி நிறைவு செய்வர். இடைப்பட்ட ஆண்டுகளில் தூண்களிலும் சுவர்களிலும் எண்ணெய், நெய், கற்பூரப் புகை, திருநீறு, குங்குமம் ஆகியவை படிந்து இறுகும். அன்பின் மிகுதியால் சுண்ணாம்பும், பிற்காலத்தில் எனாமல் வண்ணமும் தலைமுறைதோறும் அடுக்கடுக்காய்ப் பூசப்பெற்றன. இவற்றைக் கையால் களைய மாதங்கள் பல ஆகும். குறித்த முகூர்த்தமோ நெருங்கும். இரும்பை நொடியில் துலக்கும் பொறி கல்லையும் துலக்காதோ என்று எண்ணினர். 1990களிலும் அதன் பின்னும் தமிழ்நாட்டுக் கோயில்கள் பலவற்றில் மணல்வீச்சு புகுந்த வரலாறு இதுதான். செய்தவர் எவரும் தீங்கு கருதியவர் அல்லர். பணி முடிந்த அன்று கோயில் புதுக் கல்போல் விளங்கியது, கண்டவர் மகிழ்ந்தனர்.

புதுக் கல்போல் விளங்கியதே தீங்கு. ஆயிரம் ஆண்டு வெயிலும் மழையும் கைகளும் தடவித் தடவிக் கல்லின் மேல் ஒரு தோல் பதிந்திருக்கும். அத்தோல் உரிந்தால் உள்ளிருப்பது புண். உலோகத்தை அடித்தால் அது நசுங்கி இடம் கொடுக்கும், கல்லோ உடையும். நம் கருங்கல் ஒரே பொருளால் ஆனதன்று. படிகக்கல்லும் களிமக்கல்லும் கருநிற மணிகளும் கலந்தது. மணலின் கடினமும் படிகக்கல்லின் கடினமும் ஒன்றே. களிமக்கல் அதனினும் மெலிது. ஆகவே வீச்சு படும்போது மெலிந்தது முன்னே பெயர, வலியது துருத்தி நிற்க, மேற்பரப்பு அம்மை கண்ட முகம்போல் ஆகின்றது. பள்ளமும் மேடுமான அப்பரப்பில் எண்ணெயும் புழுதியும் முன்னிலும் விரைவாய்ப் பற்றும். அழுக்கை ஓட்டப் போய் அழுக்குக்கு வீடு கட்டித் தந்த கதை!

கல்வெட்டுக்கு வரும் கேடு இன்னும் பெரிது. எழுத்தின் ஆழம் பல இடங்களில் ஒரு நெல்லின் கனத்தைத் தாண்டாது. அதன் விளிம்பு கூர்மையாய் இருந்தால்தான் படிக்க இயலும். விளிம்பு மழுங்கினால் எழுத்து இருந்தும் இல்லாததே. ஒவ்வொரு குடமுழுக்கிலும் மயிரிழை அளவே தேய்ந்தது எனக் கொள்வோம். ஆயிரம் ஆண்டில் எண்பதுக்கு மேற்பட்ட குடமுழுக்குகள் வரும். நமக்கு முன்னிருந்தோர் இப்பொறியை அறியாதிருந்தமையால் அன்றோ உத்திரமேரூரில் முதற் பராந்தக சோழனின் 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் நமக்குக் கிடைத்தன? குடவோலையால் வாரியம் தேர்ந்த முறையை இந்நாடு அறிந்தது அச்சுவர் எழுத்துகளால்தான். திருமுல்லைவாயிலிலும் சோழர் காலக் கல்வெட்டுகள் உள்ளன. எந்த அரசி எந்த விளக்குக்கு எத்தனை ஆடு விட்டாள், எந்தச் சபையார் எந்த நிலத்தை விற்றனர் என்னும் செய்திகளுக்கு நம் கோயிற் சுவர்களே பத்திரப் பதிவகம். பத்திரத்தைத் துவைத்து வெளுப்பார் உண்டோ?

திருமுல்லைவாயிலை நினைக்கும்போது அத்தலத்தின் வரலாறும் நினைவுக்கு வருகின்றது. தொண்டைமான் என்னும் மன்னன் சென்ற யானையின் காலை முல்லைக் கொடி சுற்றிக்கொண்டது. அதனை அறுத்து வழி செய்ய வாளை ஓங்கினான். கொடியின் அடியில் இருந்த இலிங்கத் திருமேனியில் வாள் பட்டுக் குருதி பெருகியது என்பர். மன்னன் கருதியது புதரை நீக்குதல் மட்டுமே. வெட்டுப்பட்ட அத்திருமேனிக்கு ஆண்டு முழுதும் சந்தனக் காப்பு சாத்தி, சித்திரைச் சதயத்தை ஒட்டி மட்டும் களைகின்றனர். அங்கே இறைவன் திருநாமம் மாசிலாமணி ஈசுவரர்.

சுண்ணாம்பின் அடியில் எழுத்து மட்டும் இருப்பதன்று. 1931ஆம் ஆண்டு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எசு. கே. கோவிந்தசாமி தஞ்சைப் பெரிய கோயிலின் உட்சுற்றில், நாயக்கர் கால ஓவியத்திற்கு அடியில் சோழர் கால ஓவியம் இருப்பதைக் கண்டு வெளியிட்டார். மேற்பூச்சு தானே உதிர்ந்த இடத்தில் கூர்ந்து நோக்கியமையால் வாய்த்த பேறு அது. அவ்விடத்தில் மணலைப் பாய்ச்சியிருந்தால் மேலே இருந்ததும் இல்லை, கீழே இருந்ததும் இல்லை.

பிற நாட்டினரும் இத்தவற்றைச் செய்து பின் திருந்தியவரே. அப்பொறியைப் பெற்ற அமெரிக்காவிலேயே, தேசியப் பூங்காப் பணித்துறை 1979ஆம் ஆண்டு ஒரு வழிகாட்டி நூல் வெளியிட்டுப் பழங்கட்டடங்களை மணல்வீச்சால் துலக்குவதன் தீமையை விளக்கிற்று. நீர் கலந்த வீச்சும் அதில் விலக்குப் பெறவில்லை. நம் மாநிலத்தில் தொல்லியல் அறிஞரும் கல்வெட்டு அன்பரும் விடாது முறையிட்டதன் பயனாக, அறநிலையத்துறையே கோயில்களில் மணல்வீச்சைத் தடைசெய்தது. சென்னை உயர்நீதிமன்றம் 2015இல் தானே முன்வந்து எடுத்துக்கொண்ட வழக்கின் முடிவில், 2021ஆம் ஆண்டு சூன் 7ஆம் நாள், பழங்கோயில்களின் பாதுகாப்புக்கென 75 ஆணைகளைப் பிறப்பித்தது.

தடை அறியாதார் நம் குழுவில் எவரும் இல்லை. எனினும் வாதம் எழுந்தது. தொழிற்பேட்டையில் சிறு பட்டறை நடத்தும் அன்பர் ஒருவர், "தடை உலர்ந்த மணலுக்கன்றோ? நம்மிடம் இருப்பது நீர்ப்பொறி. கண்ணாடி மணி கொண்டு மெல்ல வீசலாம். பொடி எழாது, அடியும் மெலிது. ஆளும் பொறியும் அடியேன் கைங்கரியம்" என்று உவந்து கூறினார். தூணுக்கு இவ்வளவு என்று ஒப்பந்தம் பேசி வந்தவர் அல்லர். பரம்பரையாய் இச்சந்நிதியில் தொழுபவர். அவர் சொல்லில் பாதி உண்மையும் இருந்தது. நீரால் அடி தணியும் என்பதை மேலே யானே கூறியுள்ளேன். மேனாடுகளில் நீரும் காற்றும் மிக மென்மையான சுண்ணாம்புத் துகளும் கலந்து, குறைந்த அழுத்தத்தில் சுழலாய் விடும் முறையும் உண்டு. தேர்ந்த பாதுகாப்பு வல்லுநர் சிறு இடத்தில் சோதித்துப் பார்த்தே அதனைக் கையாளுகின்றனர். பட்டறைப் பெட்டிக்கென அமைந்த பொறி அதுவன்று. குழுவில் சிலர் அவர் பக்கம் சாய்ந்தனர். சிலர் விதியைக் காட்டி மறுத்தனர். சொல்லால் தீராத வழக்கைக் கண்ணால் தீர்ப்போம் என்று அடியேன் வேண்டினேன்.

முன்மண்டபத்தில் மாற்றி எடுத்த படிக்கட்டுக் கல்லின் துண்டு ஒன்று கிடந்தது. திருப்பணிக்கு வந்திருந்த கல்தச்சரைக் கொண்டு அதில் திருவைந்தெழுத்தை இருமுறை, கல்வெட்டெழுத்தின் ஆழத்திற்கு வெட்டச் செய்தோம். திருநாமத்தைச் சோதனைக்கு ஆளாக்கலாமா என்று ஓதுவார் ஒருவர் தயங்கினார்; அவர் தயக்கத்தை மதித்து, அதற்கு மாறாக நெடுங்கணக்கின் முதற் சில எழுத்துகளை வெட்டினோம். அவற்றின் மேல் எண்ணெய் தடவி, கரி பூசி, சுண்ணாம்பும் அடித்து, பத்து நாள் வெயிலில் இட்டுப் பட்டறைக்கு எடுத்துச் சென்றோம். ஒரு வரியைத் தகட்டால் மூடிவிட்டு மற்ற வரியில் வீசினார் பட்டறை அன்பர். தம் கையாலேயே வீசினார்.

சாளரத்தில் குழம்பு வழிந்தமையால் உள்ளே நிகழ்வது தெரியவில்லை. இதுவும் நீர்வீச்சின் ஓர் இயல்பு. வேலை செய்பவனே தான் எதை எடுக்கின்றான் என்பதைக் கழுவிப் பார்த்த பின்னரே அறிவான். கண்ணாடி மணியால் சுண்ணாம்பு எளிதில் போயிற்று. எண்ணெய்க் கறை கல்லின் துளைகளில் அப்படியே நின்றது. அக்கறையைப் போக்க அலுமினிய ஆக்சைடுக்கு மாற வேண்டியதாயிற்று. பொறிக்கு அழுத்தமும் சற்றே கூட்டினார். இரண்டு நிமிடம் சென்றபின் கல்லை வெளியே எடுத்துத் தண்ணீர் ஊற்றினோம். கறை நீங்கியிருந்தது. கல் வெளிர்சாம்பல் நிறமாய், தடவினால் அரம்போல் இருந்தது. தகடு மூடிய வரியில் உளி நின்ற இடமெல்லாம் கூர்மையாய் நின்றது. மற்ற வரியில் 'இ'கரத்தின் சுழியும் 'உ'கரத்தின் வாலும் மழுங்கிக் கிடந்தன. பகல் வெளிச்சத்தில் படிக்க இயன்றது. விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தால் நிழல் விழவேண்டும், விழவில்லை. பட்டறை அன்பர் அவ்விரு வரிகளின் மேலும் மாறி மாறி விரலை ஓட்டிப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். "இது இரும்புக்குத்தான் சாமி" என்றார்.

பின்னர் யாது செய்தோம்? அறிந்தோரைக் கலந்து பழைய வழியையே பற்றினோம். நம் நாட்டில் இதற்கென ஒரு கலை முன்னமே வளர்ந்துள்ளது. இந்தியத் தொல்லியல் துறை 1917ஆம் ஆண்டிலேயே வேதியியல் அறிஞர் ஒருவரை அமர்த்தியது. சென்னை அருங்காட்சியகத்தில் 1930இல் தொடங்கிய வேதியியல் கூடத்தில் பரமசிவன் என்னும் அறிஞர் செப்புத் திருமேனிகளைக் காக்கும் முறைகளை ஆய்ந்தார். அந்த வழியில் வந்தோர் கூறும் நெறி எளிது: முதலில் தண்ணீர், அது போதாதாயின் மென்மையான சோப்பு நீர், எண்ணெய் ஊறிய இடத்தில் காகிதக் கூழை மருந்து நீரில் தோய்த்து அப்பிவைத்துக் கறையை உறிஞ்சச் செய்தல், நைலான் தூரிகை, மூங்கில் குச்சி. இரும்புத் தூரிகை கூடாது. அமிலம் கூடாது. மருந்து கலப்பதைத் தெரிந்தவரே கலக்க வேண்டும். அதிவேக நீர்ப்பீச்சும்கூடப் பூச்சு நெகிழ்ந்த இடத்திலும் கல் இணைப்புகளிலும் ஆகாது. இடுக்கில் உள்ள சுண்ணச் சாந்தை அது அரித்துவிடும்.

1886இல் சென்னையில் கல்வெட்டு அறிஞராய் அமர்ந்த ஹூல்சு என்னும் செருமானியர் காலந்தொட்டு, எழுத்துகளை மைப்படி எடுத்தவர்கள் கையாண்ட முறையும் இதற்கு உறவுடையதே. கல்லைத் தண்ணீர் விட்டுத் தூரிகையால் கழுவி, நனைத்த தாளை அதன்மேல் விரித்து, தூரிகையால் மெல்லத் தட்டித் தட்டி எழுத்தின் பள்ளத்துள் தாளைப் பதிப்பர்; காய்ந்தபின் மை ஒற்றுவர். நீரும் தட்டுதலும் அங்கும் உண்டு. அத்தட்டு எழுத்தைக் கண்டு எடுத்துக்கொள்ளுகின்றது. கல் நின்றபடி நிற்கின்றது.

இவ்வேலைக்கு ஆள் மிகுதியாக வேண்டும். நாளும் மிகுதியாக வேண்டும். முகூர்த்தத்தைத் தள்ளிவைக்க நேர்ந்தமையால் அன்பர் சிலர் மனவருத்தம் கொண்டதை மறைப்பதற்கில்லை. நன்கொடையாளர் ஒருவர், "வெளுத்துத் தெரியாத தூணுக்கா இத்தனை செலவு?" என்று கேட்டே விட்டார். அவருக்கு அன்று மறுமொழி கூற எவர்க்கும் வாய் வரவில்லை. ஞாயிறுதோறும் உழவாரத் திருக்கூட்டத்தினர் வந்தனர். பட்டறை அன்பர் தம் தொழிலாளர் பதின்மரை அழைத்துக்கொண்டு தாமும் வந்தார். வாரம் ஆறு நாளும் நாஸில் பிடித்த கைகள் ஏழாம் நாள் மூங்கிற் குச்சி பிடித்தன. முகமூடி அணியாமல் சுண்ணாம்பு சுரண்டலாகாது என்று அவர்களிடம் அடியேன் கண்டிப்பாய் இருந்தேன். அதற்குக் காரணமான நண்பரைப் பற்றி மேலே எழுதியுள்ளேன்.

நான்காம் மாதத்தில் ஒரு நாள், மகாமண்டபத்தின் தென்சுவரில், கணபதி மாடத்திற்கு வலப்புறம், நனைத்து ஊறவைத்த சுண்ணாம்பு ஏடாய்ப் பெயர்ந்தது. அப்பணியில் இருந்தவர் பட்டறையின் இளந்தொழிலாளி. "ஐயா, இங்கே கோடு கோடாய் இருக்கிறது" என்று அழைத்தார். சென்று பார்த்தோம். அதுவரை இத்திருக்கோயிலில் எழுத்து உண்டென்று எங்களில் எவரும் அறியோம். விளக்கைப் பக்கவாட்டில் பிடிக்கச் சொன்னேன். நிழல் விழுந்தது. தொடக்கத்தில் மங்கல மொழியும், அடுத்த வரியில் விளக்கு என்னும் சொல்லும் தெளிவாய்ப் படிந்தன. மற்றவை எங்கள் அறிவுக்கு எட்டவில்லை. மூன்று வரி வெளிவந்துள்ளது. சுவரின் எஞ்சிய பகுதியில் சுண்ணாம்பு இன்னும் உள்ளது. குடமுழுக்கின் பொருட்டு அவ்விடத்தில் பணியை நிறுத்தி, மரச்சட்டம் அடித்து, கை படாதவாறு கயிறு கட்டியுள்ளோம். மைப்படி எடுத்துத் தருமாறு தொல்லியல் துறைக்கு விண்ணப்பம் அனுப்பியுள்ளோம். தரிசனத்திற்கு வரும் அன்பர்கள் அச்சுவரில் திருநீறு இடாமலும் கற்பூரம் ஏற்றாமலும் இருக்க வேண்டுகின்றோம். சோதித்த கல் மடைப்பள்ளிக்குப் பின்புறம் கிணற்றடியில் கிடக்கின்றது. விரும்புவோர் விரலை ஓட்டிப் பார்க்கலாம்.